இடது பக்கப் பொத்தான்

1

இந்த வருஷம் ஆயுதபூஜைக்கு எனக்கு அழைப்பு இல்லை. பெங்களூர் வந்த பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கம்பெனியிலும் வாழைமரம் கட்டி, மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போட்டு, கடைசியில் வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். எங்கள் கம்பெனியில் உடைக்கிற ஆள் நான்தான். காயில் துளை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, தலைக்கு மேல் தூக்கி ஒரே போடு. சிவப்புத் தண்ணீர் முழங்கால் வரை தெறிக்கும். இந்தத் தடவை எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று வேறு ஒருத்தன் உடைப்பதைப் பார்த்தேன். இரண்டு தடவை போட்டும் அவனுக்கு உடையவில்லை. எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பேஸ்புக் பக்கத்தில், தமிழன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் கம்பெனி வாசலில் மூன்று பேர் அடித்துப் போட்டார்கள் என்று எழுதியிருந்தேன். எத்தனை பேர் போன் செய்தீர்கள். "ஒரு வார்த்தை சொல்லு மச்சான், குடியாத்தத்துலருந்து வேன் எடுத்துனு வர்றோம்" என்றான் கூடப் படித்த பழனி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டது நிஜம். அவர்கள் ஏன் அடித்தார்கள் என்று நான் எழுதியது பொய்.

அதற்கு நாலு நாள் முன்னால் இன்னொரு பொய்யும் எழுதியிருந்தேன். அது கம்பெனியின் விபத்து ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட்டால் மஞ்சுநாத் என்ற பிரஸ் ஆபரேட்டர், தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட கவனமில்லாத ஆள் என்று பேர் வாங்கி, வேலை போய், பீன்யாவில் வேறு எந்தக் கம்பெனியும் உள்ளே விடாமல் அலைந்துகொண்டிருந்தான். அந்தப் பேரைத் துடைக்க முடிந்தவன் நான் ஒருத்தன்தான். துடைத்தால் என் வேலை போய்விடும் என்றும் எனக்குத் தெரியும்.

2

நான் ஐ.டி.ஐ. படித்தவன். ஷிப்ட் சூப்பர்வைசருக்கு மேலே போக டிகிரி வேண்டும் என்றார்கள். நாற்பத்தொரு வயதில் ஈவ்னிங் காலேஜுக்குப் போனேன். மார்க் ஷீட்டில் டி. தனசேகரன், ஆதாரில் தனசேகர் டி, கம்பெனிக் கடிதத்தில் தனசேகர். கவுன்ட்டரில் இருந்த அம்மா, "டி அந்த்ரே ஏனு?" என்று கேட்டார், டி என்றால் என்ன என்று. அப்பா பேர் தேவராஜ் என்றேன். அப்படியானால் தேவராஜ் என்று ஏன் எந்தக் காகிதத்திலும் இல்லை என்றார். நோட்டரியிடம் போய், இந்த மூன்று பேரும் நான் ஒருத்தன்தான் என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் பீஸையே வாங்கினார்கள்.

இங்கிலீஷ் மார்க் குறைவாக இருந்தவர்களைத் தனியாகப் பிரித்து, வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் கட்டுரை எழுதும் வகுப்பில் போட்டார்கள். இருபது பேரில் நான் மட்டும் நரைத்த மீசை. மற்றவர்கள் என்னை அங்கிள் என்பார்கள். ஷைலஜா மேடம் சிவமொக்காக்காரர், முப்பது வயது இருக்கும். முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். ஒரே கட்டுரையை மூன்று தடவை எழுத வேண்டும். பழைய தாளைக் கிழிக்கக் கூடாது, புதியதை அதன் மேலே வைத்துப் பின் குத்த வேண்டும்.

எனக்கு இது புரியவே இல்லை. நான் கட்டுரை படித்தது அடி வாங்கி. எங்கள் பள்ளியில் தமிழய்யா ஒரு கட்டுரையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. மறுநாள் ஒரு சொல் மாறாமல் ஒப்பிக்க வேண்டும். ஒரு தலைப்பை விட்டால் புளியங்குச்சியால் முழங்கால் பின்னால் ஒன்று. சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்தால் இரண்டு. "மழையின் பயன்" கட்டுரையில், எங்கள் தெருவில் மழை வந்தால் தறிக்குழிக்குள் தண்ணீர் இறங்கும் என்று ஒரு வரி நான் சேர்த்திருந்தேன். ரத்தம் வரும்வரை அடித்தார். அப்பாவிடம் காட்டினேன். அப்பா மறுநாள் பள்ளிக்கு வந்து, "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் கட்டுரையில் ஒரு வரியும் சொந்தமாக எழுதியதில்லை.

அந்தப் பழக்கத்தோடுதான் மேடம் கொடுத்த "மறக்க முடியாத நாள்" என்ற தலைப்புக்கு எழுதினேன். முன்னுரை: பீன்யா ஒரு பெரிய தொழிற்பேட்டை. பொருளுரை: கம்பெனியில் விபத்து நடந்தது, நான் உடனே ஓடிப்போய்த் தொழிலாளியைத் தூக்கினேன், நாலு நாள் கழித்து அவனுடைய அண்ணன்கள் தமிழன் என்று என்னை அடித்தார்கள். முடிவுரை: ஆகவே அனைவரும் ஒற்றுமையாகவும் எச்சரிக்கையாகவும் வேலை செய்ய வேண்டும்.

தாள் திரும்பி வந்தது. சிவப்பு மை இல்லை, பென்சில்தான். முடிவுரைக்குப் பக்கத்தில், "யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?" உடனே ஓடினேன் என்ற இடத்தில், "எங்கிருந்து? எவ்வளவு தூரம்?"

3

எவ்வளவு தூரமும் இல்லை. நான் மெஷின் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

பவர் பிரஸ் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே இருந்து ஒரு இரும்புப் பாளம் இறங்கித் தகட்டை அடித்து வெட்டும். இயக்க இரண்டு பொத்தான் இருக்கும், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பாளம் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் உள்ளே கை இருக்காது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அப்படி ஓட்டினால் வேகம் வராது. அதனால் அவசரம் என்றால் இடது பொத்தானை அழுத்தினபடியே கட்டிவிடுவோம். வலது கை பொத்தானைத் தட்டும், இடது கை தகட்டை வைக்கும், எடுக்கும். பீன்யாவில் இதைச் செய்யாத சூப்பர்வைசர் இருந்தால் காட்டுங்கள். அன்றைக்கு வாசலில் லாரி நின்றது. நான்தான் அட்டைத் துண்டை மடித்து வைத்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக் கட்டினேன்.

மூன்று மணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் தகடு ஒன்று சிக்கியது. மஞ்சுநாத் இடது கையால் அதை நெம்பினான், வலது கை பழக்கத்தில் பொத்தானைத் தட்டிவிட்டது. சத்தம் ஒன்றும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. எப்போதும் கேட்கிற அதே சத்தம்தான். அதற்குப் பிறகுதான் அவன் கத்தினான். நாலு விரல், கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு. ரத்தம் என் கண்ணாடியில் அடித்தது. பக்கத்து மெஷின்காரன் அப்படியே மயங்கி விழுந்தான். யாரோ சோற்றைக் கொட்டிவிட்டு டிபன் டப்பாவில் விரல்களைப் பொறுக்கிப் போட்டார்கள். நசுங்கிப்போனதை ஒட்ட முடியாது என்று ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

டேப்பை மட்டும் விட்டுவிட்டு இதையெல்லாம் இரண்டாவது தடவை எழுதினேன். மேடம் கேட்டதற்கு மரியாதையாக, "நான் அருகிலேயே நின்றிருந்தேன், சில நொடிகள் கழித்து அவரைத் தூக்கினேன்" என்று திருத்தினேன். திரும்பி வந்த தாளில் 'சில நொடிகள்' சுற்றி ஒரு பென்சில் வட்டம். "இந்த நொடிகளில் உங்கள் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்து நின்று அந்தத் தாளை நாலாகக் கிழித்தேன். பசங்கள் முன்னால் கன்னடத்தில் கத்தினேன், நீங்கள் டீச்சரா போலீஸா என்று. பெஞ்சை உதைத்ததில் முன்னால் இருந்த பெண்ணின் தண்ணீர் பாட்டில் உருண்டு போனது. கம்பெனியில் என் ஷாப்பில் நான் இப்படிக் கத்தினால் ஐம்பது பேர் தலையைக் குனிவார்கள். மேடம் குனியவில்லை. கீழே கிடந்த நாலு துண்டையும் பொறுக்கி என் மேஜையில் வைத்தார். "இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம். இது வேண்டாம் என்றால் தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த பண்டிகை என்று ஒன்று இருக்கிறது. திங்கள்கிழமை கொண்டு வாருங்கள்" என்றார்.

பிடித்த பண்டிகை எழுத உட்கார்ந்தேன். ஆயுதபூஜை என்று தொடங்கினேன். மூன்றாவது வரியில் பிரஸ்ஸுக்கு மாலை போட வேண்டி வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

4

அந்த வாரமே என் மகள் கயல் படிக்கிற பள்ளியிலிருந்து போன். ஒன்பதாவது படிக்கிறாள். கன்னடம் தண்ணீர் பட்டபாடு, இங்கிலீஷும் அப்படியே. தமிழ் பேசுவாள், எழுத்து ஒன்றும் தெரியாது. நான் உங்களுக்கு எழுதுகிற இந்தக் குறிப்புகளில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. போஸ்டர் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "இதுல என் பேரு இருக்கா?" என்று கேட்பாள்.

சிந்து என்ற பெண்ணை ஜியோமெட்ரி பாக்ஸால் முகத்தில் அடித்திருந்தாள். புருவம் கிழிந்து நாலு தையல். ஏதோ உட்காருகிற இடத்தில் தொடங்கிய சண்டை. ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் சிந்துவின் அப்பா இருந்தார், கன்னடக்காரர், டெம்போ டிரைவர். அவர் கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். "'ஒங்க ஆளுங்க எங்கப்பாவ அடிச்சாங்க'ன்னு சொல்லிட்டு ஒங்க பொண்ணு அடிச்சிச்சாம் சார். யார் சார் ஒங்கள அடிச்சது? எதுக்கு?"

கயல் முந்திக்கொண்டு சொன்னாள், நல்ல கன்னடத்தில். மூன்று பேர், இரும்புக் கேபிள், தமிழனே ஊரைப் பார்த்துப் போடா என்று கத்திக்கொண்டே அடித்தார்கள், எங்கப்பா கையெடுத்துக் கும்பிட்டும் விடவில்லை. ஒவ்வொன்றும் நான் வீட்டில் சொன்னது, உங்களுக்கு எழுதியது. அடித்ததும் கும்பிட்டதும் உண்மை, அவர்கள் கத்தியது மட்டும் பொய். மஞ்சுநாத்தின் அண்ணன்களில் மூத்தவன் அடிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்: "நன் தம்மன கை எல்லோ?" என் தம்பியின் கை எங்கேடா என்று. மற்ற இருவரில் ஒருத்தன் கடைசியில் ஒரே ஒரு தடவை தமிழன் என்று சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். கேள்வியை விட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும் ரோட்டில் வைத்துக் கயலை அறைந்தேன். உதடு கிழிந்தது. அழவில்லை அவள். "நீதானப்பா சொன்ன" என்றாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் எனக்கு நாலு அடி தள்ளி நடந்து வந்தாள். அவளை அறைந்த என் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றிய உடனே மஞ்சுநாத் ஞாபகம் வந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையல் மேடையில் உட்கார்ந்து மூன்றாவது தடவை எழுதினேன். முன்னுரை எழுதவில்லை. கைகள் என்ன செய்தன என்பதை மட்டும் எழுதினேன். என் இங்கிலீஷ் சின்னச் சின்ன வாக்கியம்தான். அதைத் தமிழில் தருகிறேன்:

"நான் இடது பொத்தானை டேப்பால் கட்டினேன். அவர் விரல்கள் போயின. அவர் என் பேரைச் சொல்லிக் கத்தினார். நான் முதலில் அவரைத் தூக்கவில்லை. முதலில் டேப்பைப் பிரித்தேன். ரத்தத்தில் வழுக்கியது. பல்லால் கடித்துப் பிரித்தேன். அட்டையையும் டேப்பையும் பாண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பிறகு அவரைத் தூக்கினேன். மறுநாள் ரிப்போர்ட்டில், ஆபரேட்டர் தானே பொத்தானில் ஏதோ செய்திருக்கிறார் என்று எழுதினேன்."

டேப்பைப் பல்லால் கடித்ததை நான் என் மனைவி மல்லிகாவிடம்கூடச் சொன்னதில்லை. எழுதி முடித்துப் பார்த்தபோது வாயில் அந்தப் பசை ருசி வந்தது. எழுந்து போய்க் கொப்பளித்தேன்.

திரும்பி வந்தால் கயல் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் எழுதியதில் அவளால் படிக்க முடிந்தது இது ஒன்றுதான். பிடுங்கலாம் என்று பார்த்தேன். அவள் உதடு இன்னும் கன்னிப்போய் இருந்தது, கையை எடுத்துக்கொண்டேன். முழுதும் படித்தாள். மேலே போய் மறுபடி படித்தாள்.

"சிந்துவ நான் அடிச்சேன்" என்றாள்.

"ஆமா."

"சும்மா அடிச்சேன்."

"எம்மேல தப்பு, கயலு."

தாளை மடிக்காமல் மேடையிலேயே வைத்தாள். "இத அந்த மெஷின் அங்கிள் படிச்சாரா?" என்று கேட்டாள். இல்லை, மேடமுக்காக எழுதினது என்றேன். "மிஸ்ஸு கையா போச்சு?" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னதும் மல்லிகா, வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் அழுதுவிட்டு, மூன்றாவது நாள் லேபர் ஆபீஸில் மஞ்சுநாத் வழக்கு விசாரணை எப்போது என்று விசாரித்துக்கொண்டு வரச் சொன்னாள்.

திங்கள்கிழமை மேடமிடம் மூன்று தாளையும் கொடுத்தேன். கிழித்த இரண்டாவதை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். வேறு டேப், கண்ணாடி டேப். இருபதுக்குப் பதினொன்று வந்தது. காலம் எல்லாம் தப்பாம், நேற்று நடந்ததை இன்று நடப்பதுபோல எழுதியிருக்கிறேனாம். கீழே, "இப்போது எனக்கு எல்லாம் தெரிகிறது" என்று பென்சிலில் ஒரு வரி. எனக்கு அந்த மார்க் மேல் கொஞ்சம் கோபம்தான், இன்னும் இருக்கிறது.

6

மஞ்சுநாத் வேலை கேட்டுப் போட்ட வழக்கு லேபர் ஆபீஸில் இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. கம்பெனி தரப்புச் சாட்சி நான்தான். இதற்கு முன்னால் ஒரு தடவை அங்கே போய், ரிப்போர்ட்டில் இருப்பதை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்துவிட்டு வந்திருந்தேன். தமிழய்யா பார்த்திருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார்.

இந்தத் தடவை என் பேர் கூப்பிட்டதும், மூன்றாவது தாளை எடுத்து அதிகாரியின் மேஜையில் வைத்தேன். கன்னடத்தில் வேண்டும் என்றார். நான் நின்றபடியே ஒவ்வொரு வரியாகக் கன்னடத்தில் சொன்னேன், கிளார்க் எழுதிக்கொண்டார். டேப்பைப் பல்லால் கடித்த இடத்தில் கிளார்க் ஒரு நிமிஷம் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். கம்பெனி வக்கீல் எழுந்து, "இதை உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். காலேஜில் எழுதினது, பதினொன்று மார்க் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மஞ்சுநாத் எதிர் நாற்காலியில் இருந்தான். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, அதன் இடது கை நுனி தைத்து மூடியிருந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் நான் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. கிளார்க் எழுதியதை வாசித்துக் காட்டினார். முடிந்ததும் மஞ்சுநாத் எழுந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். எனக்கு இருந்த திமிர் அப்படி.

"ஒந்து பிட்டுஹோகிதே சார்" என்றான். ஒன்று விட்டுப்போய்விட்டது.

என்ன என்று அதிகாரி கேட்டார்.

"இவர் டேப் கட்டும்போது நான் பேடா சார்னு சொன்னேன், வேண்டாம்னு. ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ சொன்னதுக்கு என் பொடனியில அடிச்சு, பயமா இருந்தா வளையல் போட்டுக்கோன்னு சொன்னார். அது இதுல இல்ல."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நிஜமா?"

எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று தடவை எழுதியும் அந்த இடத்தில் எனக்கு அப்படி ஒன்று வரவே இல்லை. வேண்டாம் என்று அவன் சொன்னதும் நான் அடித்ததும் என் ஞாபகத்தில் இல்லை. ஆனால் அந்த ஷாப்பில் தினமும் யாராவது ஒருத்தன் பொடனியில் நான் அடித்திருக்கிறேன். வளையல் போட்டுக்கோ என்பது என் வாயில் வருகிற பேச்சுதான், வேறு யாருடையதும் இல்லை. ஒரு மனுஷன் கை போவதற்கு முன்னால் என்னிடம் இரண்டு தடவை கெஞ்சியிருக்கிறான். அது எனக்கு எல்லா நாளும் போல ஒரு நாள்.

"நிஜம்தான், சேர்த்துக்குங்க" என்றேன்.

நீங்களே உங்கள் கையால் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று அதிகாரி தாளை என் பக்கம் தள்ளினார். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, தாள் நிற்கவில்லை. மஞ்சுநாத் மேஜைக்கு வந்து, தைத்து மூடிய அந்தச் சட்டைக் கையைத் தாளின் மேல் அழுத்தி வைத்தான். நான் எழுதினேன். "பேடா சார்" என்று ஒரு தடவை எழுதி நிறுத்தினேன். அவன் கையை எடுக்கவில்லை. "இன்னொண்ணு" என்றான். எழுதினேன்.